திரையில் கொட்டிய செண்டுமல்லி

ஜேசுராஜுக்கு ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. ஐம்பத்தொரு வயதாகிறது, இன்னும் தெரிந்தபாடில்லை. பூனா கட்கியில் மாதா கோவிலில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டால் அவருடைய வலது முழங்கால் தானாக ஆடத் தொடங்கும். அதே பெஞ்சில் இருக்கிற ஆறு பேருக்கும் அந்த ஆட்டம் போய்ச் சேரும். மனைவி மில்ட்ரெட் தன் கைப்பையைத் தூக்கி அந்த முழங்கால்மேல் வைத்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடர்ந்து கேட்பாள். லோக்கல் ரயிலில் இடம் கிடைத்தாலும் அவர் நின்றுகொண்டுதான் போவார். கட்கியில் ஏறினால் நடுவில் தாபோடி, அடுத்தது கசார்வாடி. அந்தப் பத்து நிமிஷத்துக்கு உட்கார்ந்து எழுவது வீண் வேலை என்பது அவர் கட்சி.

கசார்வாடியில் பழைய மும்பை ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், தாம்ஹணே சேட்டின் பட்டறை இருக்கிறது. ஒன்பது பேர் வேலை பார்க்கிற இடம். ஜேசுராஜும் பவுனும் மட்டும் தமிழர்கள், மற்றவர்கள் எல்லாரும் மராட்டிக்காரர்கள். ஜேசுராஜின் அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்துமூன்று வருஷம் ஒரே பெஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு அப்படி ஓர் அமைதி வாய்க்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வாய்த்தது. எதைக் கண்டாலும் பிரித்துப் பார்ப்பார், பார்த்ததை மறுபடி சேர்த்தும் விடுவார்.

பட்டறை மூலையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு துளையிடும் மெஷினுக்கு மோட்டார்கள் மாட்டி, ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, இரண்டையும் கேபிளால் இணைத்து, தானாகவே துளை போடுகிற மெஷினாக மாற்றியது அவர்தான். யாரும் சொல்லித் தரவில்லை. ராத்திரி பகல் பாராமல் இணையத்தில் படித்து, தப்பாகப் பண்ணி, திரும்பப் பண்ணி, எட்டு மாசத்தில் ஓட வைத்தார். அன்றிலிருந்து பட்டறையில் அவருக்குத் தனி மரியாதை. கம்ப்யூட்டர் சம்பந்தமாக அவர் எது சொன்னாலும் அது வேதவாக்கு. அதில்தான் பிற்பாடு வினை வந்தது.

மெஷின் எப்படி ஓடுகிறது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டாருக்குச் சொந்த புத்தி கிடையாது. கம்ப்யூட்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதன் முதுகில் தட்டி, "ஓர் அடி போ, இன்னோர் அடி போ" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேறு எதையாவது நினைத்துக்கொண்டு தட்டத் தாமதித்தால், மோட்டார் அந்த அடியைத் தவறவிட்டு விடும். தவறவிட்டது அதற்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. தகட்டில் துளை தள்ளி விழுந்த பிறகுதான் மனிதனுக்குத் தெரியும்.

அந்த மெஷினை ஓட்டுகிறவள் பவுன். வயது நாற்பத்துமூன்று. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கட்கிக்கு வந்தவள். முதலில் பட்டறையில் துளை விளிம்புகளின் பிசிறை அரத்தால் ராவுகிற வேலையில் இருந்தாள். அது வெறும் கைவேலை, ஏழு பெண்கள் வந்து போன வேலை. பவுன் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவோடு வந்து மெஷின் பக்கத்தில் நின்றாள். ஆறு மாசம் நின்றாள். ஒருநாள் ஜேசுராஜ் வராதபோது தானே தகட்டைப் பொருத்தி, பத்துத் தகடு துளை போட்டு, பத்தும் சரியாக எடுத்து மேஜையில் அடுக்கி வைத்திருந்தாள். சேட் அன்றே அவளை மெஷினில் போட்டார். அந்தப் பட்டறையில் மெஷின் ஓட்டிய முதல் பெண் அவள்தான்.

அவள் தகடு பூட்டுகிற விதமே தனி. நாலு பக்கமும் ஸ்பானரால் முறுக்கி, பிறகு விரல் முட்டியால் தகட்டைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பாள். "டங்" என்றால் சரி. "டொக்" என்றால் எங்கோ தளர்வு. பிறகு கீபோர்டில் ஜேசுராஜ் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்து அடையாளம் காட்டிய ஒரே ஒரு பொத்தானை அழுத்துவாள். அதைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். முக்கியமாக மௌஸ் பக்கம் கை போகக் கூடாது.

இனி தசராவுக்கு வருவோம். பூனாவில் தசராவுக்கு முதல்நாள் எந்தப் பட்டறையிலும் வேலை ஓடாது. அன்று ஆயுதங்களுக்கு மரியாதை. ஒவ்வொருத்தனும் தன் மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, செண்டுமல்லி மாலை சாத்துவான். அந்த மாலையை யாரும் கழற்ற மாட்டார்கள். காய்ந்து சருகாகி, தீபாவளி லக்ஷ்மி பூஜைக்குப் புது மாலை வரும்வரை அதன்பாட்டுக்குத் தொங்கும்.

ஜேசுராஜுக்கு மட்டும் அந்த நாள் வருஷா வருஷம் ஒரு சங்கடம். குங்குமம் வைக்க அவருக்கு மனசு ஒப்பாது. ஒதுங்கி நிற்கவும் மனசு வராது. பூஜை இனிப்பான பேடாவை வாங்கித் தின்றுவிட்டு மூலையில் கால் மாற்றிக் கால் நிற்பார். மற்றவர்கள், "ஜேசுவோட மெஷின் மட்டும் அனாதை" என்று சிரிப்பார்கள். பத்தொன்பது வருஷம் கேட்ட கேலி.

இந்த வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பூவை மெஷின்மேல் போட்டால்தானே பூஜை? திரைக்குள்ளே போட்டால் வெறும் அலங்காரம். பூஜைக்கு முந்தின சாயங்காலம் உட்கார்ந்து லினக்ஸின் செட்டிங்ஸில் இருந்த அலங்காரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினார். விண்டோவை இழுத்தால் அது ஜெல்லி மாதிரி ஆடும். மூடினால் புகையாகிப் போகும். எல்லாவற்றுக்கும் நிழல், பின்னால் பனிமூட்டம். இவற்றுக்கெல்லாம் சிகரமாக, ஐந்து நிமிஷம் யாரும் எதையும் தொடாமல் இருந்தால், திரை முழுக்க ஆரஞ்சுச் செண்டுமல்லி இதழ்கள் மேலிருந்து கொட்டும். மௌஸையோ கீபோர்டையோ தொட்டால் போதும், சட்டென்று மறைந்துவிடும்.

பூஜையன்று பூ கொட்டியதைப் பார்த்து மொத்தப் பட்டறையும் கைதட்டியது. சேட் தன் போனில் வீடியோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். பவுன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அண்ணா, நெசப் பூவே தோத்துச்சு போங்க" என்றாள். வீட்டில் விஷயத்தைக் கேட்ட மில்ட்ரெட், "கம்ப்யூட்டர்லதானே? அது பாவத்துல சேராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஜேசுராஜ் அன்று வீட்டுக்கு வரும்போது கால் தரையில் பாவவில்லை. நிஜ மாலைகள் தீபாவளிவரை தொங்கும்போது தன் மாலை மட்டும் ஏன் கழற்றப்பட வேண்டும்? அதையும் விட்டுவைத்தார்.

பத்து நாள் கழித்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஏதோ ஒரு மருத்துவக் கருவிக்கான அலுமினியத் தகடுகள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு துளை. ஒரு தகடு முடிய ஒன்பது நிமிஷம். அதுவரை போட்ட சின்ன வேலைகள் எல்லாம் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

திங்கட்கிழமை அனுப்பிய முதல் பெட்டி செவ்வாய்க்கிழமையே திரும்பி வந்தது. முக்கால்வாசித் தகடுகளில் ஏழு துளை அச்சாக இருந்தது. எட்டாவதிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி. சேட் பெட்டியைத் தரையில் வைத்த சத்தத்தில் ஒன்பது பேரும் திரும்பினார்கள்.

ஜேசுராஜ் பதறிப்போனார். உடனே மெஷின் முன் நின்று மூன்று தகடு ஓட்டினார். அவர் நிற்பது என்றால் தெரியுமே. ஒரு கை மௌஸை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருக்கும். படத்தைப் பெரிதாக்குவார், சிறிதாக்குவார், ஒன்றுமில்லாவிட்டால் அம்புக்குறியை வட்டமாகச் சுற்றுவார். மூன்று தகடும் முத்தாக வந்தன. மாதிரித் தகட்டை மேலே வைத்துச் சோதித்தபோது, அளவு ஊசி பன்னிரண்டு துளையிலும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

அவருக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியில்தான், எல்லாரும் கேட்கும்படி, அந்த வார்த்தையைச் சொன்னார். மெஷினில் ஒரு குறையும் இல்லை சேட், பூட்டுகிற கை சரியில்லை. தகடு பாதியில் நகர்கிறது.

பவுன் அரக்குக் கலர் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இன்னாண்ணா சொல்றீங்க? என் பூட்டு தளருதா?"

"நான் ஓட்டினா சரியா வருது. நீ ஓட்டினா தள்ளிப்போவுது. நான் வேற இன்னா சொல்ல?"

"எட்டாவது ஓட்டைகிட்ட வரச்சொல்லோ மெஷின் சத்தம் மாறுதுண்ணா. திக்குற மாதிரி. நீங்க வந்து நின்னா நின்னுபோவுது. மூலைல செவப்பா இன்னாவோ எழுத்துகூட வருது, நேத்தே சொன்னேன்."

"அது பழைய கம்ப்யூட்டர். அப்பப்போ இருமும். அத வுடு."

"அந்தப் பூ கொட்டுது பாருங்க, அப்போதான்..."

"ஆங்! அப்படிச் சொல்லு. பூவ வேடிக்கை பாத்துகினு நின்னா வேல இப்படித்தான் ஆவும்!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழியையும் கூடவே போட்டார். கோணல் எங்கே இருக்கிறது என்று அப்போது அவருக்கே தெரியாது. இருந்தாலும் வாய்க்குப் பூட்டு ஏது?

சேட் தீர்ப்பைச் சுருக்கமாக முடித்தார். இந்த ஆர்டரை ஜேசு ஓட்டட்டும், பவுன் வர வேண்டாம். நாளைக்கு மட்டுமில்லை, இனி எப்போதும். தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு அத்தோடு சரி. பவுன் அழவில்லை. பூஜையன்று தன் மெஷினடியில் தானே வைத்த எலுமிச்சம்பழம் காய்ந்து கிடந்தது. அதைக் குனிந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

புதனும் வியாழனும் ஜேசுராஜே ஓட்டினார். எல்லாத் தகடும் சரி. சேட் தோளில் தட்டிக்கொடுத்தார். பார்த்தாயா, அவள் போனாள், தப்பும் போச்சு என்றார். ஜேசுராஜ் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று நெருஞ்சி முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. ஆறு மாசம் டப்பாவோடு நின்று தொழில் கற்றவள், விரலால் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் பூட்டுகிறவள், முக்கால்வாசித் தகட்டைத் தளர்வாகவா பூட்டியிருப்பாள்? அப்படியே தளர்ந்தாலும், ஒவ்வொரு தகடும் எட்டாவது துளையிலேயே சொல்லிவைத்தாற்போல் தளருமா? யோசித்தால் இடித்தது. யோசிக்காமல் இருக்க மௌஸை இன்னும் வேகமாக ஆட்டினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மில்ட்ரெட், "இன்னா இது, குட்டி போட்ட பூன மாதிரி? ஒண்ணு உள்ள இரு, இல்ல வெளிய இரு" என்றாள். வாசலுக்கும் அடுப்படிக்குமாக அதற்குள் இருபது தடவை நடந்திருந்தார்.

"பவுன வேலைய வுட்டு அனுப்பிட்டாங்க."

"யாரு அனுப்பினது?"

"சேட்டு."

"யாரு சொல்லி?"

ஜேசுராஜ் இருபத்தொன்றாவது நடையைத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஒரு தகட்டைப் பூட்டினார். பவுனைப் போலவே விரலால் தட்டியும் பார்த்தார், டங் என்றது. பொத்தானை அழுத்திவிட்டு, எதிர் டீக்கடையில் ஒரு கட்டிங் சாய், அரை டம்ளர்தான், குடித்துவிட்டு வந்தார். ஒன்பது நிமிஷம் முடிந்திருந்தது. அளவு ஊசியை எடுத்து ஒவ்வொரு துளையாக இறக்கினார். ஏழுவரை இறங்கியது. எட்டாவதில் ஊசி விளிம்பில் முட்டி நின்றது.

பவுன் இல்லை. பூட்டியது தன் கை. முதல் காரியமாக அவர் என்ன செய்தார் தெரியுமா? சுற்றிலும் பார்த்துவிட்டு, அந்தத் தகட்டை எண்ணெய்த் துணிக் குவியலுக்கு அடியில் செருகினார். இருபது வருஷ சர்வீஸில் ஒரு தகட்டை அவர் ஒளித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு தேடல். பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், சூடில்லை. கரண்டை மீட்டரில் பார்த்தார். கேபிளைப் பிடுங்கி ஊதி மாட்டினார். கம்ப்யூட்டரின் சக்தியை எது தின்கிறது என்று காட்டுகிற பட்டியலைத் திறந்து பார்த்தார். ஒன்றுமே தின்னவில்லை, எல்லாம் விரதம் இருப்பதுபோல் அடங்கிக் கிடந்தன. மௌஸை நகர்த்தி நகர்த்திப் பட்டியலை மேலும் கீழும் தள்ளினார். அடுத்த தகடு ஓட்டினார், சரியாக வந்தது. இன்னொன்று, அதுவும் சரி. மெஷின் அவரை வைத்து விளையாடியது.

அப்போதுதான் பவுன் சொன்னது காதில் திரும்ப விழுந்தது. நீங்க வந்து நின்னா நின்னுபோவுது.

தன்னிடம் என்ன இருக்கிறது? நின்றால் என்ன செய்கிறேன்? குனிந்து பார்த்தார். வலது கை மௌஸின் மேல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது, அவரைக் கேட்காமலே.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். குப்பையில் கிடந்த பழைய தகடு ஒன்றைப் பூட்டிப் பொத்தானை அழுத்தினார். பட்டியலைத் திரையில் திறந்தே வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

அவர் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஐந்து நிமிஷம் கிடையாது. முழங்கால் ஆடியது. மூக்கு அரித்தது. முதல் துளை, இரண்டாவது, மூன்றாவது. மெஷின் சீராகப் பாடிக்கொண்டிருந்தது. ஏழாவது துளை முடிந்து ட்ரில் எட்டாவதை நோக்கி நகர்ந்தபோது, திரையின் மேல் விளிம்பில் ஓர் ஆரஞ்சு இதழ் எட்டிப்பார்த்தது. பின்னாலேயே இன்னொன்று. பட்டியலின் மேலேயே செண்டுமல்லி கொட்டத் தொடங்கியது. அதன் ஊடே பட்டியலின் முதல் வரி குபுகுபுவென்று ஏறியது. கம்ப்யூட்டரின் மொத்த மூச்சையும் பூ வரைகிற வேலை வாங்கிக்கொண்டது. அந்த நேரம் மோட்டாரின் பாட்டு தடுக்கியது. திக்கித் திக்கி ஓடியது. மூலையில் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு வந்தது: எதிர்பாராத தாமதம். பவுன் படிக்கத் தெரியாமல் வந்து சொன்ன எழுத்து.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை என்பார்கள். ஜேசுராஜ் அந்தச் சூனியத்தை வைத்துவிட்டுக் கைதட்டலும் வாங்கியிருந்தார். அவருக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. செட்டிங்ஸுக்குப் போய்ப் பூவை நிறுத்தினார். ஜெல்லி, புகை, நிழல், பனிமூட்டம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்தார். மறுபடி தகடு பூட்டி, மறுபடி கைமேல் உட்கார்ந்தார். பன்னிரண்டு துளையும் சரியாக விழுந்தன. வேலை என்னவோ இரண்டு நிமிஷ வேலைதான்.

அப்போது சேட் அந்தப் பக்கம் வந்தார். எல்லாம் சரியாகப் போகிறதா என்று கேட்டார். சரியாகப் போகிறது என்றார் ஜேசுராஜ். அவள் போனதிலிருந்து ஒரு தகடுகூடக் கெடவில்லை, இல்லையா என்றார் சேட். ஜேசுராஜ் தலையை ஆட்டினார். ஆமென்றும் இல்லையென்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஆட்டம்.

ரயிலில் வரும்போது அந்தத் தலையாட்டல்தான் அவரைத் தின்றது. இனி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தகடு கெடாது. அவர் பெயரும் கெடாது. பவுன் மட்டும் கட்கியிலும் கசார்வாடியிலும் எந்தப் பட்டறை வாசலில் போய் நின்றாலும், பூட்டத் தெரியாதவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய் நிற்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கட்கியில் இறங்கியவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் பஜாருக்குப் பின்னால் பவுன் வீட்டுக்கு நடந்தார்.

பவுன் வாசலிலேயே நின்று கேட்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. பூ, கம்ப்யூட்டர், மௌஸ், எல்லாவற்றையும் அவர் ஒரே மூச்சில் கொட்டினார். கடைசியில், "என் தப்புதான் பவுனு. மன்னிச்சிடு" என்றார்.

"முடிஞ்சிதா?"

"ம்."

"எட்டு பேர் முன்னாடி என் கை சரியில்லன்னு சொன்னீங்க. மன்னிப்ப மட்டும் சந்துல வந்து கேக்குறீங்க. நான் அத வச்சிகினு இன்னாண்ணா பண்றது? ஊறுகாயா போடுறது?"

"இன்னா பண்ணணும், சொல்லு."

"நாளைக்குக் காலைல நான் வரேன். மறுபடி அந்தப் பூவப் போடுங்க. நான் பூட்டுறேன். எல்லாரும் நின்னு பாக்கட்டும்."

இதை வீட்டில் சொன்னபோது மில்ட்ரெட் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "பாவசங்கீர்த்தனம்னா இதான். கோயில்ல பண்றது சுலபம். அங்க கேக்குறவரு ஒருத்தருதான், அவரும் யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு" என்றாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மெஷினைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். ஜேசுராஜ் சேட்டிடம் தனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, பவுனை வைத்து ஒரு தகடு ஓட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். முழு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. துளை சொல்லட்டும் என்று நினைத்தார். அலங்காரங்களை எல்லாம் மறுபடி எழுப்பிவிட்டிருந்தார்.

பவுன் யாரையும் பார்க்கவில்லை. தகட்டை வைத்தாள். நாலு மூலையும் முறுக்கினாள். விரலால் தட்டினாள். டங். அந்த அமைதியில் எல்லாருக்குமே கேட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு விலகி நின்றாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. ட்ரில் இறங்கி ஏறியது. ஜேசுராஜ் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றார். நாலு, ஐந்து. சேட் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாவது துளையும் முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பூ கொட்டும். பத்தொன்பது வருஷக் கேலிக்குப் பிறகு கிடைத்த கைதட்டல், எட்டு மாசம் கண் விழித்துச் சம்பாதித்த மரியாதை, எல்லாம் அந்த எட்டாவது துளையில் போய்விடும்.

"கைய எடுங்கண்ணா."

பவுன் மெதுவாகத்தான் சொன்னாள். தமிழில் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் அது ஒருத்தருக்கு மட்டும்தான் புரியும். ஜேசுராஜ் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கை மௌஸின்மேல் இருந்தது. இன்னும் நகர்த்தவில்லை. ஒரு அங்குலம் நகர்ந்தால் போதும், பூ வராது, பன்னிரண்டு துளையும் சரியாக விழும், பழைய பழி பவுன்மேலேயே நிற்கும். அந்தக் கை எப்போது அங்கே போனது என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் இன்றும் சொல்கிறார்.

"காய் ம்ஹணாலி?" என்றார் சேட். அவள் என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஜேசுராஜ் கையை எடுத்தார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு மராட்டியில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மௌஸிலிருந்து கையை எடுக்கச் சொல்கிறாள் சேட். என் கை அங்கே இருந்தால் தப்பு தெரியாது. அத்தனை நாளும் தெரியாமல் போனது அதனால்தான். கெடுத்தது இவள் கை இல்லை, நான் போட்ட பூ."

முதல் இதழ் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. மெஷின் திக்கத் தொடங்கியதை ஒன்பது பேரும் கேட்டார்கள்.

முடிந்ததும் பவுனே அளவு ஊசியை எடுத்தாள். ஏழு துளையிலும் நிதானமாக இறக்கி எடுத்தாள். எட்டாவதில் ஊசி முட்டி நின்றது. அதை அப்படியே பிடித்துக்கொண்டு தகட்டோடு சேட்டின் முன்னால் நீட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். ஜேசுராஜ் எண்ணெய்த் துணிக் குவியலைக் கிளறி, வெள்ளிக்கிழமை ஒளித்து வைத்த தகட்டையும் எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி கெட்டிருந்தன.

சேட் ஜேசுராஜை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் பழைய மரியாதை இல்லை. பிறகு பவுனிடம் திங்கட்கிழமை வந்துவிடு என்றார்.

"வரேன்" என்றாள் பவுன். பைக்குள் கையை விட்டு ஒரு புது எலுமிச்சம்பழத்தை எடுத்து மெஷினடியில் வைத்தாள். பிறகு ஜேசுராஜின் பக்கத்திலிருந்த மௌஸை எடுத்து, ஒயர் எட்டுகிற மட்டும் இழுத்து, தான் நிற்கிற பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இது இனிமே இங்கதான் இருக்கும்ணா" என்றாள்.